இலையில் ஓட்டை இருக்கட்டும்: மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு மடல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலூருக்கு வருகிற திருச்சிக்காரர்களுக்கும், ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு "பக்கத்துல ஏதோ பட்டாம்பூச்சி பார்க் இருக்காமே" என்று வேனைத் திருப்புகிற வெளியூர்க்காரர்களுக்கும்,

வணக்கம்.

நான் பூங்கா ஊழியர் இல்லை. வனத்துறையில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, பூச்சியியல் படித்தவனும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை காலையில் அங்கே போய் நடப்பேன், அவ்வளவுதான் என் தகுதி. இந்த மடலை எழுத வைத்தவர் உங்களில் ஒருவர்தான்.

போன மாதம் ஒரு காலை, கறிவேப்பிலைச் செடிகளுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அப்பா ஒரு கிளையைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். "பாரு, இலை பூரா ஓட்டை. டிக்கெட் மட்டும் வாங்குறாங்க, ஒரு மருந்து அடிக்க மாட்டேங்குறாங்க" என்றார். சொல்லி முடித்த அதே மூச்சில், "பூச்சியையே காணோமே" என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். சொல்வது என்ன, செய்தே இருக்கிறேன். எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை உண்டு. தளிர் விட்டால் போதும், இரண்டே நாளில் காம்புதான் மிஞ்சும். முதலில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன், அப்புறம் கடையில் கேட்டு ஏதோ மருந்து வாங்கி அடித்தேன், அதற்கும் தப்பியவற்றைக் குச்சியால் தட்டி சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டேன். அவ்வளவும் எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அதே நான்தான் 2015 நவம்பரில் பூங்கா திறந்த கொஞ்ச நாளிலேயே குடும்பத்தோடு போய், "வண்ணத்துப்பூச்சி கம்மியாத்தான் இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்பியவன்.

எனவே மேலிருந்து சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்குழந்தை இருந்தாள், ஆறு ஏழு வயதிருக்கும். பெரியவர்கள் நகர்ந்த பிறகும் அவள் செடியின் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். "அங்கிள், இது என்ன, காக்கா கக்காவா?" என்றாள். இலையின் மேல் நடு நரம்பை ஒட்டி, பழுப்பும் வெள்ளையுமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் பறவை எச்சம் போலவேதான் இருக்கும், அதுதான் அதன் தந்திரம். எச்சத்தை எந்தக் குருவி கொத்தித் தின்னும்? ஒரு காய்ந்த புல்லைக் கொடுத்து மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த நிறத்தில், பாம்பு நாக்கு மாதிரி பிளந்த இரண்டு கொம்பு சட்டென்று வெளியே நீண்டது, கூடவே புளித்த எலுமிச்சம்பழ வாடை. குழந்தை பின்னால் சாய்ந்து விழப் போனாள், அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு. அதற்குள் அம்மா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "கம்பளிப்பூச்சி, தொடாதே, அரிக்கும்."

அம்மா, அது கம்பளிப்பூச்சி இல்லை. நாம் கம்பளிப்பூச்சி என்று சொல்லி நடுங்குகிற, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்த ஜாதிகளில் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளின் பிள்ளைகள், அவற்றைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது, சரி. இது வழவழவென்று இருக்கும், கடிக்காது, அரிக்காது. அந்தக் கொம்பும் நாற்றமும் மட்டுமே அதன் ஆயுதம். இன்னும் சில நாளில் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும், முன்பக்கம் பெரிய கண் மாதிரி ஒரு பொய்க்குறி வரும். அப்புறம் ஒரு காம்பில் தன்னைப் பட்டுநூலால் இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்கும். தென்னை ஏறுகிறவர் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பது போலவே இருக்கும். முட்டையில் மூன்று நான்கு நாள், புழுவாக இரண்டு வாரம், கூட்டில் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். இத்தனைக்கும் பிறகு நீங்கள் பார்க்க வந்த இறக்கை கிடைக்கிறது, அதுவும் ஒன்றிரண்டு வாரத்துக்கு. வண்ணத்துப்பூச்சியின் வாழ்நாளில் பெரும்பகுதி இலையைத் தின்பதிலும் சும்மா தொங்குவதிலுமே போகிறது. ஓட்டை இல்லாத இலை வேண்டும் என்றால் அதற்கு வேறு பூங்காக்கள் மாநகரத்துக்குள் நிறைய இருக்கின்றன.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓட, நடுவில் தீவாக நிற்கிறதே, அந்தத் தீவில்தான் ஸ்ரீரங்கமும் இருக்கிறது, மேலூரும் இருக்கிறது. பூங்கா அமைந்திருப்பது மேலணைக் காப்புக்காட்டில், சுமார் 25 ஏக்கர். மேலணை என்பது முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணைதான். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், அன்று பாதி ஊர் அங்கேதான் நின்றது. இரண்டு பக்கமும் ஆறு என்பது வண்ணத்துப்பூச்சிக்கு வேடிக்கைக் காட்சி இல்லை. கோடையில் மணல் மட்டும் தெரிகிற மாதங்களிலும் அடியில் ஈரம் இருக்கும், ஈரம் இருந்தால் செடி தளிர்க்கும், தளிர் இருந்தால்தான் தாய்ப்பூச்சி முட்டை வைக்கும். முற்றிய இலையைச் சின்னப் புழுவால் கடிக்க முடியாது. அந்தத் தாய் செடிக்குச் செடி போய் இலை மேல் கால் பதித்துப் பதித்து எழும்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், விளையாடுகிறது என்று நினைத்திருப்பீர்கள். அவற்றுக்கு நாக்கின் வேலையைக் கால் செய்கிறது. இது என் பிள்ளை தின்னும் இலைதானா என்று மிதித்து ருசி பார்க்கிறது. சரியான செடி அகப்படவில்லை என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிரச்சினையே இந்தச் "சரியான செடி"யில்தான். பூ இருந்தால் போதும், பூச்சி வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். பூவில் தேன் குடிக்க எல்லாம் வரும், இட்லிப்பூவோ உண்ணிச்செடியோ எதுவாக இருந்தாலும் உட்காரும். முட்டை விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதம். வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு வேண்டும். வெயிலில் மஞ்சள் வெளிச்சம் மாதிரி கூட்டமாகப் பறக்குமே கொன்னை வெள்ளையன், அதற்குக் கொன்றை. கறிவேப்பிலை அழகனுக்கும் எலுமிச்சை அழகிக்கும் பெயரிலேயே விலாசம் எழுதியிருக்கிறது, இரண்டும் ஒன்றின் செடியில் மற்றொன்று முட்டை வைப்பதும் உண்டு. கறுப்பு இறக்கையும் ரத்தச் சிவப்பு உடம்புமாக வருகிற சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளையோ அதன் இனத்துக் கொடியோ இருந்தே ஆக வேண்டும். இந்தப் பட்டியலைப் படித்தால் என்ன தெரிகிறது? கொன்றையையும் கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் நம் வீட்டு வாசலில் முளைத்தால் "களை" என்று பிடுங்கிப் போடுகிறவை. எருக்கைப் பிள்ளையாருக்கு மாலையாகப் போடுவோம், வாசலில் மட்டும் விடமாட்டோம்.

ஆடுதின்னாப்பாளை பெயருக்கேற்றபடி ஆடுகூட தின்னாத கசப்பும் நஞ்சும் உள்ள செடி. சிவப்புடல் அழகியின் புழு அதைத் தின்று அந்த நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒரு தரம் கடித்துப் பார்த்த பறவை மறுபடி அந்தச் சிவப்பைக் கண்டால் ஒதுங்கிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், கறிவேப்பிலை அழகனின் பெண்களில் ஒரு வகை அச்சாக இந்த வேஷத்தையே போட்டுக்கொண்டு திரியும். நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும்தான். அடையாளம் பிரிக்க உடம்பைப் பாருங்கள், அசலுக்கு உடம்பு சிவப்பு, வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு. பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவர்களை அந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது, எங்கள் வீட்டில் ரெண்டு பேரிடம் சோதித்துப் பார்த்தது.

காய்ந்த கிலுகிலுப்பைச் செடி பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடும் புள்ளியுமாக ஒன்று வரும், புளூ டைகர் என்பார்கள். பருவமழைகளை ஒட்டி மலைக்கும் சமவெளிக்கும் ஆயிரக்கணக்கில் வலசை போகும் வகை. அதில் ஆண்கள், பூத்துக் குலுங்குகிற செடியை விட்டுவிட்டு, வாடிக் காய்ந்த கிலுகிலுப்பையில் கொத்தாக அப்பிக்கொண்டு கிடக்கும். தண்டில் இருக்கும் ஒரு சரக்கை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்துதான் பெண்ணை மயக்குகிற வாசனையைத் தயாரித்துக்கொள்கின்றன. அந்தச் செடியைப் பார்த்து "செத்த செடியைக்கூட எடுத்துப் போட மாட்டாங்களா" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஐயா, அதுதான் அங்கே செண்ட்டுக் கடை.

ஈர மண் விஷயமும் அப்படியே. குழாயடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ சகதியில் ஏழெட்டு பூச்சி வரிசையாக உட்கார்ந்திருந்தால் விரட்டிப் பறக்கவிட்டு வீடியோ எடுப்பது இப்போது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. வீடியோவை ஸ்லோமோஷனில் ஓடவிட்டு, பின்னால் பாட்டுப் போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, நானும் பார்த்து லைக் போட்டிருக்கிறேன். அவை அங்கே உப்பு குடிக்க உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலும் ஆண்கள். பூந்தேனில் இனிப்பு இருக்கும், உப்பு அவ்வளவாக இருக்காது, அதை மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும், எடுத்ததில் ஒரு பங்கு இணை சேரும்போது பெண்ணுக்குப் போகிறது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அவை பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால் உறிஞ்சுகுழல் நீள்வதையும் சுருள்வதையும்கூடப் பார்க்கலாம்.

கையில் பிடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? இறக்கையைப் பிடித்தால் விரலில் பொடி ஒட்டுமே, அது செதில். வீட்டு ஓடு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அந்த நிறமே அதுதான். போனால் மறுபடி முளைக்காது. அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்கள் பெரிய புகாருக்கு வருகிறேன். "டிக்கெட் எடுத்து உள்ளே போனா சிமென்ட் பட்டாம்பூச்சிதான் பெரிசா இருக்கு, நிஜத்தைக் காணோம்." நீங்கள் வருவது மூன்றரை, நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் அவற்றில் பாதி இலைக்கடியில் ஒண்டிவிடும். அவற்றின் உடம்பு தானாகச் சூடாவதில்லை, காலை வெயிலில் இறக்கையை விரித்துக் காய்ந்த பிறகுதான் பறக்கவே முடியும். உச்சிவெயில் ஏறினாலும் ஆகாது. ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரைதான் அவற்றுக்குக் கடைவீதி நேரம். மாதத்திலும் கணக்கு உண்டு. ஐப்பசி மழை விழுந்து செடியெல்லாம் தழைத்த பிறகு, கார்த்திகை, மார்கழி, தை வரை பாருங்கள், எண்ண முடியாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து விடுமுறை விடுகிற அக்கினி நட்சத்திரக் காலம் அவற்றுக்கு மெலிந்த காலம், நமக்கு அதுதான் கூட்டம் கூடுகிற காலம், இது யார் தப்பும் இல்லை. அப்புறம், தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவனை இங்கே தேடாதீர்கள். 2019இல் அறிவித்ததிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அதைக் கேட்கிறார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்காரர், ஆற்றங்கரைச் சமவெளியில் அவருக்கு வேலை இல்லை.

பிள்ளைகள் ஓடி விளையாடக் கூடாது, நீரூற்றுப் பக்கம் சத்தம் போடக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதெல்லாம் ஓடத்தானே இடம். இந்த ஊரில் ஆற்றங்கரையில் காசு அதிகம் செலவழிக்காமல் அரைநாள் உட்காருவதற்கு எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது சொல்லுங்கள், அம்மா மண்டபத்தில் படித்துறைக் கூட்டம், முக்கொம்பு கொஞ்சம் தூரம். வந்து உட்காருங்கள், புளிசாதம் சாப்பிடுங்கள் (அனுமதிக்கிற இடத்தில், இலையையும் பையையும் திரும்ப எடுத்துக்கொண்டு, 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் தட்டுக்கும் கப்புக்கும் தடை, ஆனாலும் செடிக்கடியில் நான் பொறுக்குவது குறையவில்லை), பிள்ளைகளைச் சிலை மேல் சாய்த்துப் போட்டோ எடுங்கள். நான் கேட்பது பாதையை விட்டுச் செடிக்குள் இறங்காதீர்கள் என்பது மட்டும். போட்டோவுக்காக உள்ளே போய் நிற்கிற அந்த ஒரு அடியில் கூட்டுப்புழு தொங்கும் காம்பு ஒடிகிறது. காய்ந்த இலைச் சுருள் மாதிரிதான் தெரியும் அது, மிதித்தவருக்கே மிதித்தது தெரியாது. கிளையை வளைத்துப் பார்த்தாரே அந்த அப்பா, அவர் விட்டவுடன் அது விர்ரென்று எழும்பியதில் மேலே இருந்த ஒரு சின்னப் புழு மண்ணில் விழுந்தது. நான் எடுத்து இலையில் விட்டேன். ஏறியதா எறும்பு இழுத்துப் போயிற்றா, தெரியாது.

இன்னொன்றும் கேட்பேன், இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். வீட்டில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலையை மருந்தடிக்காமல் விட்டுப் பாருங்கள். சாம்பாருக்கு வேண்டியது கடையில் கிடைக்கும். 25 ஏக்கர் பூங்காவில் பிறக்கிற பூச்சி அங்கேயே சுவர் எழுப்பிக் கிடக்காது. ஆற்றைத் தாண்டி வயலூர் பக்கமோ, தீவுக்குள்ளேயே திருவானைக்காவல் பக்கமோ வருகிறபோது கால் வைத்து ருசி பார்க்க அங்கேயும் நல்ல இலை ஒன்று இருக்க வேண்டும். எங்கள் மாடித் தொட்டியில் மருந்தை நிறுத்தின முதல் வருடம் வீட்டுக்காரியிடம் திட்டு, "ஒரு தாளிப்புக்குக்கூட இலை இல்லே" என்று. இப்போது அவள்தான் எண்ணுகிறாள், இந்த வாரம் நாலு, போன வாரம் ஏழு என்று. ஒரு நாள் விடிகாலை என்னைத் தட்டி எழுப்பினாள். கூடு பிளந்து, ஈரத்துணி மாதிரி கசங்கிய இறக்கையோடு ஒன்று காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் காபி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் கசங்கல் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது, யாரோ இஸ்திரி போடுகிற மாதிரி. ஒரு மணி நேரம் போல அப்படியே காய்ந்தது. அடியில் ஒரு சொட்டுக் கழிவை விட்டுவிட்டுக் கிளம்பி, துணிக்கொடியைச் சுற்றிப் பக்கத்து வீட்டு முருங்கை மேல் போய்விட்டது.

அந்தச் சின்னப் பெண்ணின் அப்பாவிடம் அன்றைக்கே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத ஆளிடம் வாயைத் திறக்கத் தயக்கம், எழுதுகிறபோது வருகிற தைரியம் நேரில் வருவதில்லை. அவர் இதைப் படிக்க நேர்ந்தால்: போன வாரம் போய்ப் பார்த்தேன். நீங்கள் வளைத்த அதே கிளை மறுபடி தளிர்த்திருக்கிறது. மூன்றாவது தளிரின் அடிப்பக்கம் கடுகு அளவில் வெளிர்மஞ்சளாக ஒரு முட்டை இருந்தது, இந்நேரம் பொரிந்து ஓட்டை போட ஆரம்பித்திருக்கும். இந்த ஞாயிறு ஒன்பதரைக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன், பாப்பாவையும் கூட்டி வாருங்கள். ஒரு காய்ந்த புல் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு காலை நடைக்காரன்